பத்து வருஷம் ஓட வேண்டிய பெட்டி

“டீ ஆறிப்போச்சுன்னு அந்தப் பொம்பளகிட்ட சொல்லு!”

அந்தப் பொம்பளை நாலடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மாமனார் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். மாமியார் எழுந்து போய்க் கோப்பையை மூத்த மருமகளிடம் நீட்டினாள். நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூத்தவள் மறுபேச்சில்லாமல் சுடவைத்துக் கொடுத்தாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது.

மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவில் இன்றைக்கும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். கண்ணில் அழுத்தம் ஏறி, இரண்டு பக்கப் பார்வையும் சுருங்கி, நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்தபோது டிப்போவில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குக் காரணம் டிப்போவுக்குப் போன ஒரு கடிதம். மேனேஜரின் மேசைமேல் கிடந்த அந்தக் கடிதத்தை அவர் பார்த்துவிட்டார். பேர் போடாத கடிதம். ஆனால் எழுத்து, வீட்டு மளிகைச் சீட்டில் தினமும் பார்த்த எழுத்து... மூத்த மருமகளின் எழுத்து! அன்றோடு அவளிடம் பேச்சு நின்றது. அவளும் ஏன் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேனாவைத் தொட்டதுமில்லை.

டீயைக் குடித்து முடித்த டிரைவர் அன்று வழக்கம்போல எழுந்து போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்.”

பல்லைத் துலக்கிக்கொண்டே வந்த இளைய மகன் நின்றுவிட்டான். செல்போன் கடையில் விற்பனைக்காரன் அவன்.

“உனக்கெதுக்குப்பா?”

“வண்டி ஓட்ட.”

விஷயம் மெல்ல வெளியே வந்தது. முந்தின நாள் பழைய கண்டக்டர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே பெரிய திரையும், மேசையில் மாட்டிய ஸ்டியரிங்கும், காலுக்கடியில் பிரேக்கும் வைத்து ஒரு பஸ் விளையாட்டு. உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். மழையில், மலைப்பாதையில், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு!

“ஒரே தடவதான் வாங்குவேன். வாங்குனா பத்து வருஷம் ஓடணும். ரெண்டே வருஷத்துல மூச்சு வாங்குற வண்டி எனக்கு வேணாம்.”

“அதெல்லாம் என்கிட்ட விடுப்பா. சும்மா பறக்கும்!” என்றான் இளையவன்.

சமையலறையில் மூத்தவளின் கை, பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வருஷம் அவள் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அசெம்பிள் செய்தவள். அவள் பூட்டிய பெட்டி ரிப்பேருக்குத் திரும்பி வராது என்று கடையில் அவளுக்குக் ‘கைராசி’ என்றே பேர். மாமனாரை வாராவாரம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் இல்லாதபோது அந்த வேலையை விட்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அவர் அவளோடு பேசியதில்லை. நடுவில் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டுத்தான் உட்காருவார்.

மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், இளையவன் எழுதி மேசையில் வைத்திருந்த பட்டியலை எடுத்துப் படித்தாள். காசையெல்லாம் திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டில் கொட்டியிருந்தான். பெட்டியின் மூளையான ப்ராசஸரில் கோர் பன்னிரண்டு, எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் பழைய தலைமுறை. அது உட்காருகிற மதர்போர்டின் சாக்கெட்டில் இனி வரப்போகிற எந்தப் ப்ராசஸரும் உட்காராது. நாலு வருஷம் கழித்து வேகம் போதவில்லை என்றால் போர்டோடு தூக்கிப்போட வேண்டியதுதான். கண்ணாடிக் கேபினெட், கலர் கலராய் எரிகிற எட்டு ஃபேன்... இத்தனைக்கும் கரண்ட் கொடுக்க ஊர் பேர் தெரியாத ஒரு பவர் சப்ளை! அது வெடித்தால் தான் மட்டும் போகாது, கூட இருப்பதையும் கொண்டுபோகும்.

இவ்வளவு வருஷம் கழித்து அந்த மனுஷன் வாயைத் திறந்து ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் இப்படிக் கெடுக்கவா?

வேலை முடிந்து வந்த கணவனிடம், ஆறு வருஷம் கழித்துப் பேனா எடுத்துத் திருத்தி எழுதிய ஒரு தாளை நீட்டினாள். குடிநீர் நிலையத்தில் ஷிப்டு பார்க்கிறவன் அவன். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாயே திறக்காமல் ஆறு வருஷத்தைக் கடத்தியவன்.

“என்னங்க, இத உங்க கையெழுத்துல எழுதி, நீங்களா விசாரிச்ச மாதிரி மாமாகிட்ட குடுத்துருங்க. என் பேரு வரவே வேணாம். மறந்துராதீங்க... உங்க கையெழுத்துல!”

“சரி சரி” என்று சட்டைப்பையில் வைத்தான். அடுத்த நாள் காலையில், அவசரத்தில், மாற்றி எழுத மறந்து அதே தாளை அப்பாவின் கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் செருகிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். ‘பழைய சாக்கெட் வேண்டாம், வழியில் நின்றுவிடும்’ என்று முதல் வரி. ‘ழ’வுக்கு நீளமாய்ச் சுழித்த வால்...

தாளோடு எழுந்து நின்றார்.

“யாரு எழுதுனது இது?”

வாசலில் மகன் ஒற்றைச் செருப்போடு நின்றான். சமையலறையில் மூத்தவள் குழாயை மூடினாள்.

“யாரு எழுதுனதுன்னு கேக்குறேன்! எனக்குக் கண்ணு பக்கவாட்டுலதான் தெரியாது. நேரா இருக்குறது நல்லாத் தெரியும்! இதே எழுத்து... இதே வாலு... ‘இவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்’னு எழுதுன அதே கை!”

இளையவன் ஓடிவந்து தாளைப் பறித்துப் பார்த்தான். பார்த்தவன் எரிகிற அடுப்பை இன்னும் தூண்டிவிட்டான். “அப்பா! கிராபிக்ஸ் கார்டையே பாதியாக் கொறச்சிட்டாங்கப்பா! பன்னெண்டு கோர எட்டாக்கிட்டாங்க. லைட்டு கூட வேணாமாம். ஏன் அண்ணி, வேலையிலேருந்துதான் இறக்கிவிட்டீங்க, விளையாட்டுலகூட நல்ல வண்டி ஓட்டக் கூடாதா அவரு?”

“கைராசியாம் கைராசி!” டிரைவர் மேசையை அறைந்தார். “முப்பத்தோரு வருஷம்! ஒரு மனுஷன் மேல உரசுனது இல்ல. ஒரு நாய் மேல ஏத்துனது இல்ல. என் வாழ்க்கைய ஒரே தாளுல முடிச்சிட்டா. இப்ப ரெண்டாவது தாளு! இவ கை பட்ட எதுவும் எனக்கு வேணாம். ஒண்ணு அவ இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

“அப்பா... இந்தத் தாள நான்தான் அவள எழுதச் சொல்லி...” என்று ஆரம்பித்த மூத்த மகன், அப்பா திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டான்.

மூத்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் எதிரே, நேரே, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றாள்.

“மாமா, என்னை என்ன வேணா சொல்லுங்க. பழகிப்போச்சு. போன்னா போயிடுறேன். ஆனா அந்தப் பவர் சப்ளைய மட்டும் வாங்காதீங்க!”

இளையவன் கையிலிருந்து தான் எழுதிய தாளை வாங்கி மேசையில் விரித்தாள்.

“நீங்க வாங்கப்போற திரைக்கு அவ்ளோ பெரிய கார்டு தேவையே இல்ல மாமா. நீங்க ஓட்டப்போறது பஸ்ஸு. ரோட்டுல போற அத்தன வண்டியும், ஏறி இறங்குற அத்தன ஆளும் எப்ப எங்க இருக்கணும்னு கணக்குப் போடுறது ப்ராசஸருதான். அதுல எத்தன கோருங்குறத விட, ஒவ்வொண்ணும் எவ்வளவு வேகங்குறதுதான் முக்கியம். அதான் புதுத் தலைமுறையில எட்டு போட்டேன். போர்டு நல்லதா இருந்தா, அஞ்சு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் மாத்திக்கலாம், மிச்சமெல்லாம் அப்படியே ஓடும். தம்பி எழுதுனது... பாடிக்குப் பெயிண்டு அடிச்சிட்டு எஞ்சின மறந்த வண்டி மாமா! நீங்க ஏறுவீங்களா அதுல?”

“எனக்கே வண்டியப் பத்திச் சொல்றியா?” அவர் குரல் உடைந்து கீச்சிட்டது. “ஸ்டியரிங்கப் பிடுங்குனவ நீ!”

“அவ பிடுங்கல!”

மாமியாரின் குரல். அந்த வீட்டில் யாருமே கேட்டிராத குரல்.

“அத்தை, வேணாம்...” மூத்தவள் அவசரமாகத் திரும்பினாள். “சத்தியம் பண்ணியிருக்கோம்...”

“பண்ணவச்சது நான். இப்ப ஒடைக்கிறதும் நான்தான்!” மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ஏங்க, டிப்போவுக்குப் போனது நான்! கடுதாசி என்னோடது! எனக்கு நாலு வரி ஒழுங்கா எழுத வராதுன்னு இவகிட்ட அழுது எழுதி வாங்குனேன். ‘என் பேரு வெளிய வந்தா என் புருஷன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு’ன்னு இவ கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்குனேன். பாவி நான்... ஆறு வருஷம், நீங்க இவள நாயா வெரட்டும்போது, நான் டீக் கோப்பையத் தூக்கிக்கிட்டு நடுவுல நடந்தேனே!”

டிரைவர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

“நீயா...? எனக்கு நீயா துரோகம் பண்ணுன?”

“துரோகந்தான்! அன்னைக்கு உங்க வண்டியிலதான் வந்தேன். ஆஸ்பத்திரி முக்குல, இடது பக்கத்துலேருந்து ஒரு பொண்ணு கைவண்டியில கொழந்தையத் தள்ளிக்கிட்டு ரோட்டுல எறங்குனா. கண்டக்டர் கத்துனாரு. நீங்க பிரேக்கு போட்டீங்க. ஒரு சாண்... ஒரு சாண் எடந்தான் இருந்துச்சு! நீங்க என்னடான்னா, ‘பிரேக்கு எப்படி?’ன்னு கண்டக்டரப் பாத்துச் சிரிச்சீங்க. ராத்திரி உங்க கால்ல விழுந்து கண்ணு டெஸ்டுக்குக் கூப்பிட்டேன். வந்தீங்களா?”

இளையவன் மேசையில் கிடந்த தன் பட்டியலை எடுத்துச் சுருட்டிப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

டிரைவர் மெல்ல நாற்காலியில் சரிந்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“சிரிச்சேன்...” என்றார். “சிரிக்காம என்ன பண்றது? கண்டக்டர் கத்துன பிறகுதான் பிரேக்கு போட்டேன். பிரேக்கு போட்ட பிறகுதான் அந்தப் பொண்ணையே பாத்தேன். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்.” அவர் தோள் குலுங்கியது. “கடுதாசியில எழுதியிருந்தது அத்தனையும் நெசம்னு எனக்குத் தெரியும்... அதான் எழுதுனவ மேல அவ்வளவு கோவம்!”

அவர் எழுந்து, கையை நீட்டிக்கொண்டே, மருமகள் நின்ற பக்கம் வந்தார்.

“அம்மாடி...”

ஆறு வருஷமாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் அவளுக்குப் பீறிட்டது. ஆனாலும் அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. கண்ணீர் வழிய வழிய அப்படியே நின்றாள்.

“ஆறு வருஷம் மாமா! ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘ஏன் எழுதுன?’ன்னு கேட்டிருக்கலாமே... நீங்களும் கேக்கல.” கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்களும் கேக்கல. வாங்கிவச்ச சத்தியத்தத் திருப்பிக் குடுக்க அத்தைக்கும் மனசு வரல. என்னை ஒரு ஆளா நெனச்சவங்க இந்த வீட்டுல யாரு?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பெட்டிய நான் கட்டித் தர்றேன். பத்து வருஷம் ஓடும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா திங்கக்கெழமையிலேருந்து நான் வேலைக்குப் போறேன். மாமாவ ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிப்போறது, அடுப்ப யாரு பாக்குறதுங்குறத நீங்க மூணு பேரும் பேசிக்கோங்க.”

அவள் சொன்ன கடையிலேயே, அவள் எழுதிய பட்டியல்படியே பெட்டிச் சாமானும் திரையும் ஸ்டியரிங்கும் வந்து இறங்கின. போய் வாங்கிவந்தவன் இளையவன்தான். முகம் மட்டும் சுண்டைக்காயாய்ச் சுருங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன்மேல் மூத்தவள் வேலையை ஆரம்பித்தாள். சாக்கெட்டின் கொக்கியைத் தூக்கி, ப்ராசஸரை ஓரம் மட்டும் பிடித்து, மூலை அடையாளம் பார்த்து இறக்கினாள். அழுத்தவில்லை, அது தன் எடையிலேயே உட்கார்ந்தது. டிரைவர் எதிரே உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைட்டு ஒண்ணுகூட இல்லியே அண்ணி” என்று முனகினான் இளையவன்.

“வாய மூடிக்கிட்டு அந்தத் திருப்புளிய எடுத்துக் குடுடா” என்றார் டிரைவர். பிறகு தயங்கித் தயங்கி மருமகளைக் கேட்டார்: “ஏம்மா... மத்தியானத்துக்குள்ள கெளம்பிடுமா?”

“கெளம்பிடும் மாமா.”

கிளம்பியது. அன்று முழுதும் அந்த மனுஷன் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை.

திங்கட்கிழமை காலை மூத்தவள் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அடுப்பில் கணவன் எதையோ தீய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பஸ் ஓடும் சத்தம். தெருக்கதவுவரை மாமியார் பின்னாலேயே வந்தாள். கதவருகே வந்ததும் தாங்க முடியாமல் மருமகளை இறுகக் கட்டிக்கொண்டு, தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“என்னை மன்னிச்சிட்டியாடி...? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ!”

மூத்தவள் அவள் முதுகை மெல்லத் தடவினாள். பொய் சொல்ல அவளுக்கு இனி மனம் வரவில்லை.

“இன்னும் இல்ல அத்தை” என்றாள். மாமியாரின் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். “ஆனா சாயங்காலம் வந்துடுவேன்.”