நாலு விரல் ஜன்னல்

"ஆஆஆ…!"

லார்க்ஸ்டோன் முதியோர் இல்லத்தின் காலைத் தேநீர் நேரத்தை அந்த அலறல் இரண்டாகக் கிழித்தது.

நிர்வாகி மொரீன் எழுந்தாள். எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. அவளுடைய முழங்கால் இரண்டும் எப்போதோ ராஜினாமா செய்துவிட்டன. நேற்று முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தின் ஆய்வாளர் ஹிலரி கிராப்ட்ரீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, மருந்து அலமாரி முதல் மாடிப்படி வரை குடைந்து எடுத்திருந்தார். இன்று இரண்டாம் நாள்.

அதற்குள் இது!

கடைசி அறை வாசலில் பணிப்பெண் டொரோட்டா நின்றாள். போலந்துக்காரி. காலடியில் உடைந்த கோப்பை.

"என்னடி ஆச்சு?"

"வில்ஃப்… வில்ஃப் ஐயாவுக்கு மூச்சே இல்ல மொரீன்!"

கட்டிலில் வில்ஃப் ஆக்டன். ஒரு காலத்தில் பர்ன்லி ஊரில் பஸ் டிரைவர். வாய் பிளந்திருந்தது. உதட்டிலும் தாடியிலும் வெள்ளைப் பொடி. தலைமாட்டில் மூடி திறந்த டப்பா.

மொரீன் டப்பாவைக் குனிந்து பார்த்தாள்.

கெட்டிப்பொடி! விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் தேநீரில் கலக்கும் பொடி. அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் களியாகி மூச்சை அடைத்துவிடும். பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்து குவிந்திருந்தது.

சார்ஜெண்ட் நெய்லர் வந்தார். ஜலதோஷத்தோடு வந்தார். அறையைப் பூட்டி, வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு, எல்லோரையும் வரவேற்பறையில் உட்கார வைத்தார்.

"பொடி அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"எ… என்கிட்ட சார்," என்றாள் டொரோட்டா.

"பூட்டாம, டப்பாவை அவர் தலைமாட்டுலயே விட்டுட்டே. பெரியவர் சர்க்கரைன்னு நெனச்சு அள்ளிப் போட்டுக்கிட்டார். அப்படித்தானே?"

"பூட்டினேன் சார்! சத்தியமா!"

"எல்லாரும் சத்தியமாத்தான் பூட்டுறாங்க." தும்மினார். "வா, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

டொரோட்டா மொரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயில்ல போட்டுடுவாங்களா மொரீன்? எம் பொண்ணு ஸ்கூல்ல இருக்கா. சாயங்காலம் யாரு போய்க் கூட்டிட்டு வருவா?"

மொரீன் அந்தக் கையை விடவில்லை. இவளையா? கிழவர்களுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறவளையா?

"கொஞ்சம் இருங்க சார்ஜெண்ட். அந்த ஜன்னல் என்னை உறுத்துது."

"எந்த ஜன்னல்?"

"வில்ஃப் அறை ஜன்னல். திறந்திருந்துச்சு."

"காத்து வாங்கியிருப்பார்."

"ஜனவரியிலயா? அந்த மனுஷன் ஜூன்லயே ரெண்டு ஸ்வெட்டர் போடுவார். ஜன்னல் பக்கம் போனாலே கைத்தடி பறந்து வரும். அவராலயும் தனியா எழுந்திரிக்க முடியாது. டொரோட்டா, நீ திறந்தியா?"

"நான் கப்பைப் போட்டுட்டுக் கத்தத்தான் செஞ்சேன்!"

"நானும் தொடல. சார்ஜெண்ட், நீங்க எந்த ஊரு?"

"இதே ஊருதான். ஏன்?"

"உங்க தெருவுல யாராச்சும் செத்தா முதல்ல என்ன செய்வாங்க?"

"ஜன்னலைத் திறப்பாங்க. உயிர் வெளியே போகட்டும்னு…"

நெய்லரின் கைக்குட்டை மூக்குக்குப் போகும் வழியில் நின்றது.

"அப்போ… இந்தப் பொண்ணு கத்துறதுக்கு முன்னாடியே…"

"அவர் செத்துட்டார்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. ஜன்னலைத்தான் திறந்திருக்காங்க!"

முன்வாசலில் கார் நிற்கும் சத்தம்.

நைஜல் பிரதர்ட்டன்! தலைமை அலுவலகத்து ஆள். ஆணையம் தும்மினால் இவர் சுற்றறிக்கை அனுப்புவார். இருமினால் இரண்டு அனுப்புவார். பின்வாசலின் ரகசிய எண் முதல் அலமாரிகளின் மாற்றுச் சாவி வரை எல்லாம் அவரிடமும் உண்டு.

"போன் வந்ததும் ஓடி வர்றேன்! பொடியைப் பூட்டு, பூட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! இப்ப ஆய்வாளர் முன்னாடி மானம் போச்சு!"

ஆய்வாளர் ஹிலரி கண்ணாடியைத் துடைத்தார்.

"வில்ஃப் இன்னிக்கு என்கிட்ட தனியாப் பேசணும்னு சொல்லியிருந்தார். பக்கத்து அறை ஆர்தர் செத்துப்போன ராத்திரியைப் பத்தி."

"வயசானவர் மேடம். ஆயிரம் சொல்வார்," என்றார் நைஜல்.

மொரீன் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். கண்ணில் நீர் வந்தது. அது நடிப்பில்லை.

"எனக்கு ஒண்ணுதான் மனசு ஆறல நைஜல். வில்ஃபுக்கு ஒரு ஜன்னலைத் திறந்துவிடக்கூட நாதியில்லாமப் போச்சு. பாவி மனுஷன் உயிர் அந்த அறைக்குள்ளயே புழுங்கிட்டுக் கெடக்கு."

"அதெல்லாம் திறந்துதான் இருக்கு. விடு மொரீன்."



நெய்லர் மெல்லத் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வர்றப்ப… வெளியிலேருந்து பார்த்தேன்."

"அந்த ஜன்னல் பின்பக்கச் சந்துல இருக்கு சார். நீங்க முன்வாசல்ல காரை விட்டு இறங்குனீங்க," என்றார் நெய்லர்.

நைஜலின் முகம் கெட்டிப்பொடியைவிட வெளுத்தது. அடுத்த நொடி…

ஓடினார்!

அலுவலக அறைக் கதவு படீரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. நெய்லர் காலை ஓங்கினார்.

"உடைக்காதீங்க சார்ஜெண்ட்," என்றார் ஹிலரி. "எந்தத் தாழா இருந்தாலும் வெளியிலேருந்து திறக்கிற மாதிரி இருக்கணும். விதி."

மொரீன் ஒரு நாணயத்தைத் தாழின் பிளவில் வைத்துத் திருப்பினாள். கதவு திறந்தது.

உள்ளே நைஜல் ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது கை தோள் வரை வெளியே. மூக்கு இடுக்கில். மீதி முழுக்க உள்ளே!

"ஏன்யா?" என்று கேட்டாள் மொரீன்.

நைஜல் விம்மினார்.

"ராத்திரி அழைப்பு மணியை அணைச்சு வைக்கச் சொன்னது நான்தான். அடிச்சா ஆள் வேணுமே… ஆளுக்கு எங்க போறது? ஆர்தர் மணியை அமுக்கிக்கிட்டே செத்தான். அவன் கத்துன சத்தம் பக்கத்து அறையில வில்ஃபுக்குக் கேட்டுடுச்சு. இன்னிக்கு ஆய்வாளர்கிட்டச் சொல்லிடுவேன்னு நேத்து என்கிட்டயே போன்ல சொன்னான். விடியக்காலையில பின்வாசல் வழியா வந்து, தலையணையை வச்சு… அப்புறம் பொடியைத் தூவிட்டு…"

"அப்புறம் எதுக்கு ஜன்னல்?"

"எங்க அம்மா நர்ஸு. யாராச்சும் செத்தா முதல்ல ஜன்னலைத் திறந்துவிடுவா. வளர்த்த வளர்ப்பு. அப்படியே போட்டுட்டுப் போக மனசு வரல."

மொரீனால் அவரை முழுதாக வெறுக்கக்கூட முடியவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

"டொரோட்டா, நீ கெளம்பு. சாயங்காலம் பொண்ணை நீயே போய்க் கூட்டிட்டு வா."

ஹிலரி அளவு டேப்பை எடுத்து ஜன்னல் இடைவெளியை அளந்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

நெய்லர் விலங்கோடு நெருங்க, நைஜல் பல்லைக் கடித்தார். "எந்த மடையன் இதை இப்படி முடுக்கி வச்சான்?"

"உங்க சுற்றறிக்கைதான் நைஜல்," என்றாள் மொரீன். "பெரியவங்க விழுந்துடுவாங்க, நாலு விரலுக்கு மேல திறக்கக் கூடாதுன்னு. அது வழியா உயிர் போகும்… உடம்பு போகாது!"