இரண்டிலிருந்து நான்கு வரை

டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், மகள் தங்கிப் படிக்க எடுத்த மாடியறை. டிரங்குப் பெட்டியை இடது கையால் தூக்கிக்கொண்டு பன்னீர்செல்வம் முன்னால் ஏறினார். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கையும் கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டிங் வேலை பார்த்தபோது விழுந்த இரும்புத் தகடு கொண்டுபோய்விட்டது. நஷ்டஈட்டு வழக்கு ஆறு வருஷம் இழுத்தது. கடைசியில், கூப்பிட்டபோது மனுதாரர் வரவில்லை என்று எழுதித் தள்ளுபடி செய்தார்கள். அன்று காலையிலிருந்து அவர் கோர்ட்டு வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். வக்கீல் டீ குடிக்கப் போயிருந்தான்.

அன்றைக்கே முடிவாயிற்று, மகள் ஸ்னேகா வக்கீலுக்குப் படிப்பதென்று. போன வருஷம் நுழைவுத் தேர்வில் ஆறு மார்க்கில் கோட்டைவிட்டாள். இந்த டிசம்பர் தேர்வும் போனால் தோல் பட்டறையில் பை தைக்கப் போகவேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மாளைத் தெருவே மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடும். அவள் திறந்துவிட்ட அறையில் இரண்டு மேஜைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துவிடலாமே என்று ஸ்னேகா வங்காள மொழியில் கேட்டாள். அது கிடக்கட்டும் என்றாள் மாஷிமா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அந்த மேஜையின் ஓரத்தில் காம்பஸ் முள்ளால் ஆறு இலக்க எண் ஒன்று கீறியிருந்தது.

அறையில் பாசி வாடை அடித்தது. பக்கத்தில்தானே ஏரி என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கோச்சிங் இஸ்மாயில் சார் கறாரான ஆள். உண்மைத் தேர்வு மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை என்றால், மாதிரித் தேர்வையும் தினம் அதே நேரத்தில் எழுத வேண்டும், உடம்பு பழக வேண்டும். தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், அதனால் சந்தேகம் வந்தால் வட்டத்தை நிரப்பாதே. தப்பியதைத் தனி நோட்டில் எழுதி வை. கை நடுங்கினால் பேனாவைக் கீழே போடு. நான்கு எண்ணி மூச்சை இழு, ஏழு எண்ணிப் பிடித்துவை, எட்டு எண்ணி விடு.

மூன்றாம் நாள். வெளியே சுள்ளென்று வெயில். இரண்டே முக்காலுக்குக் கை நடுங்கியது. ஸ்னேகா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

பக்கத்து மேஜையிலிருந்தும் ஒரு மூச்சு உள்ளே போனது.

ஏழு எண்ணி இவள் விட்டாள்.

அந்த மூச்சு வெளியே வரவில்லை.

பிறகு பேனா முனை காகிதத்தில் சுற்றும் சத்தம். சரக். சரக். இவள் பேனா இவள் கையில் இல்லை. நான்கு மணிக்குத் தாளைத் திருத்தியபோது, தெரியாது என்று விட்டிருந்த பத்தொன்பது வட்டங்களும் நிரம்பியிருந்தன. பத்தொன்பதும் சரி. மை ஈரமாக இருந்தது. தொட்ட விரலில் பாசி வாடை.

கீழே ஓடிப்போய்க் கேட்டாள். மாஷிமா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. மேக்னா என்று ஒரு பெண், மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தாள். முதல் மார்க் வாங்குகிறவள். தேர்வன்று காலை, மனசு அமைதியாகட்டும் என்று ஏரிப் பக்கம் நடக்கப் போனவள் படியில் வழுக்கிவிட்டாள்.

"ஹால் டிக்கெட் பையிலேயே இருந்ததும்மா," என்றாள் மாஷிமா மெதுவாக. "பரீட்சைக்கு வரலைன்னு மட்டும் எழுதிக்கிட்டாங்க. வேற யாரும் எதுவும் எழுதலை."

பேய்க்குப் பயந்து அறையைக் காலி செய்ய, போவதற்கு வேறு அறை வேண்டும். ஸ்னேகாவுக்கு இருந்தது தோல் பட்டறை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வேண்டுமென்றே முப்பது வட்டங்களை விட்டாள். தப்பு நோட்டில் தூசி படிந்தது. கோச்சிங் பலகையில் அவள் போட்டோ ஏறியது. அப்பா அதைப் போனில் படம் எடுத்து, வேலை செய்கிற இடத்தில் எல்லாரிடமும் காட்டினார்.

தேர்வன்று அப்பா வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கண்காணிப்பாளர் வந்து எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தெரிந்ததை நிரப்பினாள் ஸ்னேகா. நாற்பத்தொரு வட்டங்களை விட்டாள். பேனாவை வைத்துக் கண்ணை மூடினாள்.

வருமா?

பாசி வாடை வந்தது.

சரக். சரக். சரக்.

கண்ணைத் திறந்தபோது ஒரு வட்டம்கூட வெறுமையாக இல்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். தாளின் மேல்பக்கத்தை அவள் பார்க்கவேயில்லை.

ரிசல்ட்டில் அவள் எண்ணுக்கு எதிரே மார்க் இல்லை. வரவில்லை என்று இருந்தது. அறைக்குக் கொண்டுவந்திருந்த விடைத்தாளின் கார்பன் நகலை எடுத்துப் பார்த்தாள். பெயர் அவளுடையது. எண்ணுக்கான ஆறு கட்டங்களில் இருந்தது மேஜையில் கீறியிருந்த எண்.

பெட்டியைத் தூக்க அப்பா வந்தார். அந்த நகலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ உள்ள போனத என் கண்ணால பார்த்தனே பாப்பா. நான் வெளியவேதான இருந்தேன்."

"நீ கோர்ட்டுலயும் வெளியவேதானப்பா இருந்த."

அவர் கட்டைவிரலால் பெட்டியின் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மணி இரண்டு.

பக்கத்து மேஜையிலிருந்து, அன்று உள்ளே போன மூச்சு வெளியே வந்தது. நிதானமாக, ஈரமாக, எட்டு எண்ணும் வரைக்கும். காகிதம் படபடத்தது. ரயில் போகுது போல என்றார் அப்பா. பெட்டியோடு படி இறங்கினார்.

ஸ்னேகா அந்த மேஜையருகே போனாள். பழைய எண்ணுக்குக் கீழே இன்னொரு எண் கீறியிருந்தது. மரத்தூள்கூட இன்னும் உதிரவில்லை.

அவளுடைய எண்.

கீழேயிருந்து அப்பா கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று. விட முயன்றாள். எண்ணிக்கை ஏழைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.