முதலில் செத்தவருக்கு முதல் உயிர்

காலையில் வீரர்கள் ஆடுகளத்துக்குள் நுழையும் முன் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்பது என் வேலை. பெயர், அம்மாவின் பெயர், காலையில் சாப்பிட்டது. மூன்றும் சரியாக வந்தால் கதவைத் திறந்துவிடுவேன். மாலையில் வெளியே போகும்போதும் இதே கேள்விகள்தான். லீக் விதி அப்படி. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல இதுவும் எல்லோருக்கும் பழகிவிட்டது.

"இசக்கிராஜ். அம்மா பேரு பாக்கியத்தாய். காலையில சித்தி கிண்டுன உப்புமா. அதைச் சாப்பாடுன்னு எழுதிறாதீங்கக்கா."

உள்ளேயிருந்து சந்தனமாரி அக்காவின் குரல் வரும். "இங்க நான் சித்தி இல்லலே. கோச்."

"சரி சித்தி."

இது தினமும் நடக்கும். இசக்கிராஜின் அம்மா உப்பளத்தில் வெயில் தாக்கி இறந்தபோது அவன் சின்னப் பிள்ளை. அம்மாவின் தங்கையான சந்தனமாரி அக்காதான் தூக்கி வளர்த்தார். கொற்கை கபடி அணிக்கு அவர் பயிற்சியாளர் ஆனபோது அவனையும் கூட்டிவந்தார். சலுகை என்று சிலர் பேசினார்கள். அவன் ஆட்டத்தைப் பார்த்த பிறகு பேச்சு நின்றது. நன்றாக ஆடினான் என்பதால் இல்லை, அணியில் மற்ற எல்லோரும் அவனைவிட மோசம் என்பதால்.

நான் பெனிட்டா. பகலில் இந்த அணியின் பதிவுக் கண்காணிப்பாளர். மாலையில் உடற்பதிவு வகுப்புக்குப் போகிறேன். அன்றன்று நடந்ததை எழுதிவைப்பேன். மறுநாள் படித்தால் பாதி தவறாகத் தெரியும், திருத்தினால் மீதியும் தவறாகிவிடும். ஆகவே இதை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் வரிசைதான் முக்கியம்.

லீக்கில் தொடர்ந்து கடைசி இடம் எங்களுக்கு. இந்த ஆண்டும் கடைசியாக வந்தால் எங்கள் இடத்தை வேறு நகரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கடைசி அணிக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, தெரிவு நாளில் முதல் உரிமை. முன்பெல்லாம் அணிகள் ஆட்களைத் தெரிவு செய்தனவாம். இப்போது தெரிவு செய்வது உடற்பதிவுகளை. ஓய்வு பெற்ற அல்லது இறந்துபோன ஒரு வீரரின் உடல் கற்ற அத்தனையும் ஒரு சிறிய வில்லையில் இருக்கும். அதை உயிரோடு இருக்கும் ஒருவரின் பின்கழுத்தில் பதித்தால், அவர் கால் இவருக்கு வரும். நினைவு வராது, பழக்கம் மட்டுமே வரும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் வரி.

அணியை மீட்க எங்களுக்குத் தேவை ஒரு தலைமை ரைடர். எதிரணிக்குள் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும் ஆள். தெரிவுக்கு வந்தவற்றில் இரண்டை ஒதுக்கி வைத்தோம். ஒன்று, வடக்கே ரோத்தக்கில் ஓய்வில் இருக்கும் ஒருவருடையது. பழுதில்லை, பெரிதாக ஒன்றுமில்லை. மற்றது பொன்னுத்துரையுடையது. காயல்பட்டினம் பக்கத்துக்காரர். அவர் ஆடிய காலத்தில் அவரைக் கட்டிப் பிடித்தவர்களின் பெயரைச் சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. ஆனால் பல ஆண்டுகளாக எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அது மூடாத பதிவு.

பதிவு எடுக்கும்போது வீரர் ஆட்டம் முடிந்து களத்தைவிட்டு வெளியே நடக்க வேண்டும். அதுதான் மூடுவது. பொன்னுத்துரை தன் கடைசி ஆட்டத்தில் அவுட் ஆகி வெளிப்பலகையில் உட்கார்ந்தார். அவர் அணி அதன்பின் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் தோளைத் தட்டியபோது அவர் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். பதிவுக் கருவி கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இதைச் சந்தனமாரி அக்காவிடம் சொன்னேன். எனக்கே நிச்சயமில்லாததால் அரைகுறையாகச் சொன்னேன். பலகையில் உட்கார்ந்திருப்பவன் உடம்பு என்ன கற்றுவிடப் போகிறது, சும்மா இருப்பதுதானே என்று அவர் கேட்டார். பொன்னுத்துரையை எடுத்தோம். யாருக்குப் பதிப்பது என்ற பேச்சே எழவில்லை. இசக்கிராஜ் தானே வந்து குனிந்து கழுத்தைக் காட்டினான்.

முதல் ஆட்டத்திலேயே அரங்கம் எழுந்து நின்றது. வலதுகாலால் தொடுபவன் இடதுகாலால் தொட்டான். அவனுடைய பாட்டு மாறியிருந்தது. 'கபடி' என்பதில் கடைசி எழுத்தை விழுங்கி, அடுத்ததை அதன் மேலேயே ஏற்றிவைக்கும் பழைய பாட்டு. ஒருவர் கையும் அவன்மேல் நிற்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் எங்களுக்கு முன்னால் இருந்த அணியை நெருங்கினோம். மாலையில் பெயர் கேட்டால் இசக்கிராஜ், பாக்கியத்தாய், சித்தியின் சாம்பார், அதையும் எழுதிறாதீங்க. எல்லாம் சரியாக இருந்தது. அவன் ஒருமுறைகூட அவுட் ஆகவில்லை என்பதை நான் ஒரு பெருமையாகத்தான் எழுதிவைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கபடியில் அவுட் ஆனவனைச் செத்தவன் என்பார்கள். எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் செத்தவர்களில் ஒருவர் எழுந்து உள்ளே வரலாம். அதற்கு 'உயிர்' என்று பெயர். யார் வருவது என்பதில் தகராறு கிடையாது. முதலில் செத்தவருக்கு முதல் உயிர். தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி.

சேலத்துக்கு எதிரான ஆட்டத்தில் இசக்கிராஜின் கணுக்காலை ஒருவன் பிடித்துவிட்டான். சிரித்துக்கொண்டே எழுந்து பலகைக்குப் போனான். உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. முதுகு நிமிர்ந்தது, இரு கைகளும் முழங்காலில் படிந்தன. அடுத்த ரைடில் எங்களுக்கு ஒரு புள்ளி. நடுவர் கையை உயர்த்தினார். அவன் எழுந்தான். எழுந்தவன் உடனே உள்ளே வரவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து, அங்கிருக்கும் யாரிடமோ பொறு என்பது போல உள்ளங்கையைக் காட்டிவிட்டு வந்தான்.

அன்று மாலை கதவில் பெயர் கேட்டேன்.

"பொன்னுத்துரை" என்றார்.

அம்மா பெயரும் வேறு. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. ரொம்ப நாளாக ஒன்றும் சாப்பிடாத மாதிரி இருக்கிறது என்றார். பிறகு பலகையைப் பார்த்து, "அந்தப் பையனை ஏன் இன்னும் எழுப்பல?" என்று கேட்டார்.

"எந்தப் பையன்?"

"எனக்கப்புறம் செத்தவன்."

மருத்துவர் வந்து பார்த்தார். வில்லையை எடுத்தால் இப்போது உள்ளே இருக்கும் பொன்னுத்துரை போய்விடுவார், வெளியே இருக்கும் இசக்கிராஜ் தானாக வருவானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார். வகுப்பில் படித்த எதையும் வைத்து எனக்கு இதை விளக்க முடியவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: காத்திருப்பதும் ஒரு பழக்கம். பொன்னுத்துரையின் உடம்பு கடைசியாகக் கற்றது அது. இசக்கிராஜ் அந்தப் பலகையில் உட்காரும்வரை அது விழிக்கவில்லை. உட்கார்ந்தபின் அங்கே இருவர். கிடைத்தது ஓர் உயிர். வரிசையில் முன்னால் இருந்தவர் எழுந்துவிட்டார். மற்றவனுக்கு உயிர் கிடைக்க, இவர் மறுபடி செத்தாக வேண்டும்.

பயிற்சியில் முயன்றோம். ஏழு பேரும் சேர்ந்து பாய்ந்தும் அவரைத் தொட முடியவில்லை. அவரைச் சும்மா போய் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார், எழுந்தார், பொன்னுத்துரையாகவே இருந்தார். பயிற்சியில் செத்தால் அது சாவு இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அவர் நல்ல மனிதர். அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மீதி இருந்தது ஓர் ஆட்டம். வென்றால் கடைசி இடத்திலிருந்து தப்பிப்போம், அணி ஊரில் இருக்கும். அவர் ஆடினால் வெல்வோம். நிர்வாகம் அதோடு கணக்கை முடித்துக்கொண்டது. பையனைப் பற்றி ஆட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆனால் ஆட்டத்துக்குப் பிறகு பலகை ஏது, உயிர் ஏது?

காலைப் பயிற்சி முடிந்ததும் சந்தனமாரி அக்கா அவரை உப்பளத்து வரப்புப் பக்கம் கூட்டிப்போனார். வெளியே போகும்போது கேட்கும் கேள்விகளை அங்கேயே கேட்டுவிடும் சாக்கில் நானும் போனேன்.

"ஐயா, அது எங்க அக்கா மவன் உடம்பு" என்றார் அக்கா.

"தெரியும் தாயி. கையைப் பாத்தாலே தெரியுது. என் கை இல்ல."

"நாளைக்கு நீங்க ஒரு தடவ அவுட் ஆவணும்."

அவர் வரப்பில் குந்தி உப்பை விரலால் கிளறினார். "ஒங்க அணி தோத்துருமே."

"தோத்துட்டுப் போவுது."

"அந்தப் பலகையில உக்காந்திருக்கது எப்பிடின்னு தெரியுமா தாயி? ஆட்டம் தெரியும். சத்தம் கேக்காது. எல்லாவனும் வாயத் தொறந்து பாடுதான், ஒண்ணும் கேக்காது. யாராச்சும் நம்ம பேரைச் சொல்லுதாங்களான்னு ஒதட்டையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

"அவனும் அப்பிடித்தான இருக்கான்."

"ஆமா" என்றார் பொன்னுத்துரை. "அவன் ஒங்க ஒதட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்."

ஆனால் சரி என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் ஆட்டத்தின் முக்கால்வாசி நேரமும் அவர் ஆடியது போல் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. நாங்கள் நன்றாக முன்னிலையில் இருந்தோம். அக்கா எல்லையில் நின்று ஒரே ஒரு பெயரை வாயசைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் வரவில்லை. என் இடத்திலிருந்து பார்த்தபோது அது இசக்கிராஜ் என்று தெரிந்தது. பொன்னுத்துரை ஒரு ரைடுக்குக் கிளம்புகையில் அதைப் பார்த்தார். எதிரணியின் நடுவில் போய் நின்றார். சுற்றி வளைத்தவர்கள் தயங்கினார்கள், ஏதோ சூழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள். அவர் பாட்டை நிறுத்தி வாயை மூடிக்கொண்டார்.

மூச்சு விட்டால் அவுட். நடுவர் விசில் அடித்தார். அவர் நடந்து போய்ப் பலகையில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. கைகள் முழங்காலில் படிந்தன.

இனி இசக்கிராஜை எழுப்பப் புள்ளி வேண்டும். எடுக்கத்தான் எங்களுக்கு ஆள் இல்லை. அனுப்பிய ரைடர்கள் வெறுங்கையோடு வந்தார்கள், அல்லது வரவே இல்லை. முன்னிலை கரைந்தது, எதிரணி தாண்டிப் போனது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் இப்படியே முடிந்தால் பலகையில் இருவருமே இருந்துவிடுவார்கள். எங்கள் மூலைக்காரன் ஜெனிட்டன் இந்தப் பருவம் முழுக்க ஒருவரையும் ஒழுங்காகப் பிடித்தவனில்லை. கடைசி ரைடுக்கு வந்தவனின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தை மண்ணில் புதைத்துக் கிடந்தான். மற்றவர்கள் அவன்மேல் விழுந்தார்கள். நடுவர் கையை உயர்த்தினார்.

வெளியே பொன்னுத்துரைக்கு முன்னால் அவுட் ஆன வேறு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழவில்லை. வரிசை தெரிந்தும் எழவில்லை. நடுவர் அதட்டினார். முதலில் செத்தவன் இவன்தான், எங்களுக்கெல்லாம் முன்னால் என்று ஒருவன் சொன்னான். அது பொய்யும் இல்லை.

அவன் எழுந்தான். இரண்டு காதுகளையும் கையால் பொத்தி எடுத்தான்.

"சத்தம் கேக்கு சித்தி" என்றான்.

ஒரு புள்ளியில் தோற்றோம். அன்றே வில்லையை எடுத்தார்கள். பெயர், அம்மாவின் பெயர், எல்லாம் சரியாக வந்தன. அன்றைய சாப்பாடு மட்டும் தெரியவில்லை, அதை அவன் சாப்பிடவில்லையே.

அணி வேறு ஊருக்குப் போகிறது. கடைசி நாள் காலையில் லீக் வண்டி வில்லைகளைத் திரும்ப வாங்க வந்தது. பொன்னுத்துரையின் பெட்டியை இசக்கிராஜ் அதுவரை வெளிப்பலகையில், களத்தைப் பார்த்தபடி வைத்திருந்தான். அடுத்த தெரிவு நாளில் கடைசி இடத்து அணி ஒன்று அவரை எடுக்கலாம். வண்டி போன பிறகு வழக்கம்போல நான் கதவில் நின்றேன். தேவையில்லைதான். எல்லோரும் வரிசையில் வந்தார்கள்.

"பெயர்?"

இசக்கிராஜ் உடனே சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவன் அப்படித்தான். தனக்கு முன்னால் நிற்கும் ஒருவர் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பவன் போலச் சற்று ஒதுங்கி நிற்கிறான். ஒரு மூச்சு நேரம் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அதன்பிறகுதான் அவன் தன் பெயரைச் சொன்னான்.