தட்டில் வைக்க ஒரு சின்னப் பொருள்

செவ்வாயின் நான்காம் சுரங்கத் தெருவில் யாராவது பூமிக்குக் கிளம்புகிறார்கள் என்றால், முதல் காரியமாக அக்கம்பக்கத்தில் எலும்பு இரவல் கேட்பார்கள். செவ்வாயில் பிறந்து வளர்ந்த உடம்பு பூமியில் இறங்கியதும் இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். சொந்த எலும்பு அதற்குக் காணாது. அதனால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வெளியே மாட்டிக்கொள்ளும் தாங்கெலும்பு என்றொரு சட்டகம் உண்டு. வீட்டுக்கு வீடு வாங்கி வைத்துக்கொள்ள, பூமிக்கு என்ன தினமுமா போகிறோம்? கொடுக்கிறவர்கள், "பத்திரம், முழங்கால் திருகு கொஞ்சம் லூசு" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு, "எங்களுக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம், என்ன?" என்றும் சொல்வார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரியும்.

தனபாக்கியமும் அவள் கணவர் சொக்கலிங்கமும் இப்படித்தான் ஆளுக்கொரு ஜோடி இரவல் எலும்போடு கிளம்பினார்கள். குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாகச் சொக்கலிங்கம் என்றோ வேண்டிக்கொண்டது நிலுவையில் இருந்தது. தலையில் கொஞ்சமாவது முடி இருக்கும்போதே போய்விடுவோம் என்று அவசரப்படுத்தியவள் தனபாக்கியம். ஆனால் அவள் கவலை முடியைப் பற்றியதல்ல. மகன் தென்னவனுக்கு ஆறாம் சுரங்கத்துச் செவ்வந்தியைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. பெரியவர்கள் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே பிடித்துவிட்டது என்றுதான் தெருவில் கேள்வி. இனி பெண்ணைப் பெற்ற அமிர்தநாச்சிக்குப் பிடிக்க வேண்டும்.

அமிர்தநாச்சி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "சீரு, செனத்தியெல்லாம் நாங்க எதிர்பார்க்கலைங்க. பூமிக்குப் போறீங்க, அங்கேர்ந்து சின்னதா ஒரு பொருள். அந்த ஊர்லயே, அந்த ஊர் ஆளுங்க கையால செஞ்சதா இருக்கணும். அந்த மண்ணுக்குக் கெடுதல் இல்லாததா இருக்கணும். தட்டு மாத்துறப்போ அதை வச்சாப் போதும், மனசு நெறைஞ்சுடும்."

அவள் ஆறாம் சுரங்கத்துத் தூய்மைச் சங்கத்தின் தலைவி. செவ்வந்திக்கு முன்பு பார்த்த வரன் வீட்டார், பூமியிலிருந்து வந்தது என்று ஒரு சங்குமாலையைத் தட்டில் வைத்தார்கள். அமிர்தநாச்சி அதைத் தொட்டாள். பக்கத்து ஏழாம் சுரங்கத்தில் அச்சிட்ட மாலை என்று தெரிந்தது. தட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

தொட்டால் எப்படித் தெரியும் என்றால், பிறப்பறி. வலது சுட்டுவிரல் நுனியில் அரிசி மணியளவுக்குப் பதித்திருப்பார்கள். விரலை எதன்மேல் வைத்தாலும், அது எங்கே பிறந்தது, யார் செய்தது, பூமிக்கு அதனால் தீங்கா நன்மையா, வயதென்ன என்று காதுக்குள் முணுமுணுக்கும். மனிதர்கள்மேல் வைத்தால் வேலை செய்யாது. செய்தால் தெருவில் பாதிப்பேருக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. போய்வருகிற கப்பல் எவ்வளவு எரிக்கிறது என்பதைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை. கைப்பொருளைத்தான் அளக்கும், பயணத்தை அளக்காது.

பூமியில் மொட்டை ஒரே காலையில் முடிந்துவிட்டது. மீதி நாளெல்லாம் கடைதான்.

கோயில் வாசலில் பனையோலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தனபாக்கியம் விரலை வைத்தாள். 'நிலா, கிழக்குப் பட்டறை. இயந்திரத் தயாரிப்பு. தீங்கு மிகுதி' என்றது பிறப்பறி. அடுத்த கடையில் மரப்பொம்மை. அதுவும் நிலாதான். அதற்கடுத்த கடையில் ஒரு மண்குதிரை, பார்க்கவே அசல் மாதிரி இருந்தது. விரலை வைத்தால், மண்ணே செவ்வாயின் மண் என்றது. கடையிலிருந்த விற்பனை எந்திரம் மட்டும், "பாரம்பரியம் அம்மா, பாரம்பரியம்" என்று கைகூப்பிக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு படி ஏறும்போதும் தனபாக்கியத்துக்கு முதுகில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இரவல் முழங்கால் கிறீச் கிறீச்சென்று ஊரைக் கூட்டியது. சொக்கலிங்கம் பளபளக்கும் மொட்டையோடு, கண்ணில் பட்ட திண்டிலெல்லாம் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். அவருக்குக் கடலைப் பார்க்க ஆசை. பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால்தான் எங்கோ இருந்தது, இரைச்சல் கேட்டது.

"பாக்கியம், கடல் அந்தப் பக்கந்தான் போலிருக்கு."

"கடல் எங்கே போயிடும்? கடையைச் சாத்திடுவான்."

"ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே."

"உங்க புள்ளைக்குக் கல்யாணம் ஆகணுமா, உங்களுக்கு உப்புத்தண்ணி பார்க்கணுமா?"

அவர் அடுத்த திண்டைத் தேடிப் போனார். கடைசி நாளன்று, தனபாக்கியம் அழாத குறையாக ஓர் ஆட்டோவில் ஏறி விழுந்தாள். ஓட்டுநர் இல்லாத ஆட்டோ. அதற்கே இரக்கம் வந்துவிட்டது போலும். "பழமேட்டுக்குப் போனீர்களா? நினைவுப்பொருளுக்கு எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்" என்றது.

பழமேடு என்பது ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு குன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மனிதர்கள் குப்பை கொட்டிக் கொட்டி எழுப்பியது. அதற்குள் புதைந்து கிடப்பவை தொல்பைகள். ஒரு முறை கடைக்குப் போய்வர ஒரு பை என்று அந்தக் காலத்தில் வைத்துக்கொண்டிருந்தார்களாம். மக்காது, கரையாது, மண்ணை மூச்சுவிட விடாது. பயணிகள் ஆளுக்கொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம். போகிற ஒவ்வொரு பையும் பூமிக்குச் செய்த புண்ணியம். வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. தனபாக்கியத்துக்கு உடம்பு வலியே பாதி குறைந்த மாதிரி இருந்தது.

மேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா என்ற உள்ளூர்ப் பெண் ஒரு களைக்கொத்தைக் கையில் கொடுத்தாள். "அங்க இல்லக்கா, இந்தப் பக்கம் வாங்க. இங்கதான் மண்ணு பொலபொலன்னு இருக்கும்."

குனிந்து தோண்டுவதற்குள் தனபாக்கியத்துக்கு உயிர் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் கைப்பிடி ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு பை; நடுவில் தாமரைப்பூ, அதன் கீழ் 'மீண்டும் வருக' என்ற எழுத்து. மண்ணைத் துடைத்துவிட்டு விரலை வைத்தாள்.

'பிறப்பு, இவ்வூர். செய்தது, மனிதக் கை. பூமியிலிருந்து நீக்கம்; நன்மை மிகுதி.' தனபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பிறப்பறி ஒரு கணம் நிறுத்தி மேலும் சொன்னது. 'வயது, ஐந்து வாரம்.'

மறுபடி வைத்துப் பார்த்தாள். அதேதான்.

"ஏம்மா, அஞ்சு வாரம்னுல்ல சொல்லுது?"

ஜெசிந்தா சுற்றுமுற்றும் பார்த்தாள். "நல்ல விரலா வச்சிருக்கீங்கக்கா. நெறையப் பேருக்கு வயசு சொல்லாது."

"வெளையாடாதேம்மா. இதை நம்பி என் பையன் கல்யாணம் நிக்குது."

"அப்ப நிஜத்தைச் சொல்லிடறேன். பழசையெல்லாம் உங்க பாட்டன் காலத்துலயே அள்ளிட்டுப் போயிட்டாங்க. மேடு வெறும் மண்ணு. கப்பல் கப்பலா நீங்க வந்து எறங்குறீங்க. தோண்டி ஒண்ணும் கெடைக்கலேன்னா மூஞ்சி தொங்கிப் போயிடுது. அதான் நாங்களே உருக்கி, ஒட்டி, பூப்போட்டுப் பொதைக்கிறோம். எங்க தெருப் பொம்பளைங்க கைவேலை. இந்தத் தாமரை நான் போட்டதுதான், நல்லா வந்திருக்குல்ல?"

"மண்ணுல பொதைக்கிறது பாவமில்லையா?"

"பொதைக்கிறது பாவந்தான். எடுத்துட்டுப் போறது புண்ணியமாச்சே! நீங்க வரலேன்னா அது உள்ளேயே கெடந்து மண்ணைக் கெடுக்காதா? யோசிச்சுப் பாருங்க."

தனபாக்கியம் யோசித்துப் பார்த்தாள். இந்த நியாயத்தில் எங்கேயோ பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. ஆனால் அதைத் தேடிப் பிடிக்க உடம்பில் தெம்பில்லை. உள்ளூர்ப் பொருளா என்றால் உள்ளூர். கைவேலையா என்றால் கைவேலை. செய்தவளே எதிரில் நிற்கிறாள். நன்மை என்று பிறப்பறியே சொல்கிறது. புதைத்தது யார் என்று சம்பந்தியம்மாள் கேட்கவில்லையே.

பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே திண்டில் உட்கார்ந்திருந்த சொக்கலிங்கம் தலையை நிமிர்த்தினார்.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"அப்ப கடலு?"

"கப்பலுக்கு நேரமாச்சுங்க."

செவ்வாய்க்குத் திரும்பியதும் நல்ல நாள் பார்த்து ஆறாம் சுரங்கத்துக்குப் போனார்கள். தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாமல் தாமரைப்பை. கூடத்தில் சங்கத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தநாச்சி மெதுவாக விரலை வைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே வந்தவளின் புருவம் ஓரிடத்தில் ஏறி இறங்கியது. இரவல் எலும்பைக் கழற்றி எத்தனையோ நாளாகியும், தனபாக்கியத்துக்கு அந்த நிமிஷம் முழங்கால் கனத்தது. தென்னவன் தாயின் முகத்தைப் பார்த்தான். செவ்வந்தி தன் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"நன்மை மிகுதின்னு சொல்லுது" என்றாள் அமிர்தநாச்சி, கூடத்துக்கே கேட்கும்படி. "அந்த ஊர்க்காரங்க கைவேலையாம். இதுக்கு மேல என்ன வேணும்? தட்டை மாத்திக்கலாம்."

மாற்றிக்கொண்டார்கள். சாப்பாடும் ஆயிற்று. கிளம்பும் நேரத்தில், "கொஞ்சம் உள்ள வாங்க சம்பந்தி" என்று அமிர்தநாச்சி சமையலறைக்குக் கூப்பிட்டாள். உள்ளே போனதும் அமிர்தநாச்சி கதவைச் சாத்தினாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதன் வயிறு வெடித்துவிடும்போல உப்பியிருந்தது. உள்ளே அமுக்கி அமுக்கித் திணித்திருந்தவை அத்தனையும் தாமரைப்பூப் பைகள்.

"சங்கத்துல யாரு பூமிக்குப் போனாலும் இதைத்தான் கொண்டாந்து குடுக்குறாங்க" என்றாள் அமிர்தநாச்சி, அலுத்துப்போன குரலில். "வந்து சேர்றப்போ ஒண்ணுக்கு வயசு பத்து வாரம், ஒண்ணுக்கு எட்டு வாரம். நீங்க முழிக்காதீங்க, யாரு வயசைக் கேட்டா? தூக்கிப் போடலாம்னு பார்த்தா மனசு வரமாட்டேங்குது. இருக்கட்டும், எதுக்காவது ஒதவும்."

சொல்லிக்கொண்டே தட்டில் வந்த புதுப்பையைக் கட்டைவிரலால் உள்ளே திணித்தாள். அது இறங்கிய வேகத்தில் மறுபக்கம் ஒரு பை பிதுங்கி வந்தது. அதை உருவி, ஓர் உதறு உதறி, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் போட்டு நீட்டினாள்.

"தாம்பூலம். சம்பந்தியை வெறுங்கையோட அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் தனபாக்கியம் பழத்தை எடுத்து வைத்தாள். வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து மூடினாள். பையை எறியப் போனவள், ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். நல்ல கெட்டிப் பை, ஓட்டை ஒடிசல் இல்லை. நாலாக மடித்தாள்.

"என்னங்க," என்று குரல் கொடுத்தாள். "இந்த அடுப்படிக் கதவுக்குப் பின்னால ஒரு கொக்கி அடிச்சுக் குடுங்களேன்."