ஏரிக்கரைக்கு அப்புறம் எதிர்ப்பக்கம்

“மணிக்கூண்டு!” என்று கத்தினாள் சில்லு.

சித்தி டிக்கெட் மாமாவைப் பார்த்தாள். டிக்கெட் மாமா சித்தியைப் பார்த்தார். இருவரும் மெதுவாகத் தலையை ஆட்டினார்கள். ஏதோ பெரிய இழப்பு நடந்துவிட்ட மாதிரி.

“என்ன?” என்றாள் சில்லு. “முதல்ல யாரு மணிக்கூண்டுன்னு சொல்றாங்களோ அவங்கதான் ஜெயிச்சாங்க. நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னோம்தான்,” என்றார் டிக்கெட் மாமா. “அதுக்காக எடுத்த எடுப்பிலேயே சொல்றதா?”

“ஏன், அப்படி ஒரு விதி இருக்கா?”

“விதி இல்ல கண்ணு. அநாகரிகம்.”

சில்லுவுக்குத் தலை சுற்றியது. நான்காம் வகுப்புக் கணக்கெல்லாம் அவளுக்குத் தூசு. இந்த விளையாட்டு மட்டும் பிடிபடவே இல்லை. ஒருவர் ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் இன்னொன்று. அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் நடுவில் எங்கிருந்தோ விதிகள் குதிக்கும். நேற்று ‘நெசவாலை’ என்றபோது, “இடது கால் செருப்பு போட்டிருக்கறப்ப நெசவாலை சொல்லக்கூடாது” என்றாள் சித்தி. சில்லு இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டுச் சொன்னாள். “வெறுங்காலோடயா? ரெண்டு ஸ்டேஷன் பின்னால போ!” என்றார் மாமா.

சித்திதான் அந்த ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர். பள்ளி விட்டதும் சில்லு அவளுடைய அறைக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு வேலை முடியும்வரை அங்கேதான் இருப்பாள். மாடி அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே இரண்டு பிளாட்பாரங்கள், அவற்றை இணைக்கும் நடைபாலம், எல்லாம் தெரியும். எதுவும் கேட்காது. இரட்டைக் கண்ணாடி.

மேசைமேல் மைக். அதன் பக்கத்தில் ஒரு பெரிய பித்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அறையில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

இன்று சித்திக்கு முக்கியமான நாள். அவள் இன்னும் தற்காலிகம்தான். வேலை நிரந்தரமா, இல்லையா என்று ஸ்டேஷன் மாஸ்டர் இன்று மாலை சொல்லப் போகிறார். காலையிலிருந்து சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அதை நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தா எப்படி? ஒரு ஆட்டம் போடலாம், வா தங்கச்சி,” என்று டீயோடு வந்து ஆட்டத்தை ஆரம்பித்தவரே டிக்கெட் மாமாதான். அவர் டிக்கெட் பரிசோதகர். யாருக்கும் அவர் மாமா இல்லை. ஆனால் எல்லோருக்கும் மாமா.

“சரி, மறுபடி ஆரம்பிக்கலாம்,” என்றாள் சித்தி.

சில்லு ஜன்னலோரம் வசதியாக உட்காருவதற்காகத் தன் புத்தகப் பையைத் தூக்கி மேசைமேல் ‘தொப்’பென்று போட்டாள்.

“சந்தைமேடு,” என்றாள் சித்தி.

“ஏரிக்கரை,” என்றாள் சில்லு.

“ஆஹா! மாட்டிக்கிட்டே!” மாமா துள்ளினார். “இன்னிக்குப் புதன்கிழமை. மழையும் இல்ல. ஏரிக்கரைக்கு அப்புறம் எல்லாரும் எதிர்ப்பக்கம்தான் போகணும்!”

சில்லு அலுப்போடு ஜன்னல் வழியே பார்த்தாள். முதல் பிளாட்பாரத்தில் கூட்டம் துறைமுகம் வண்டிக்காகக் காத்திருந்தது. நடுவில் ஒரு பெயின்டர். தோளில் நீளமான ஏணி. அதன் நுனி எல்லோருடைய தலைக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஏணி திடீரென்று திரும்பியது. நடைபாலத்தில் ஏறியது. கூட்டம் மொத்தமும் அதன் பின்னாலேயே ஏறி, எதிர்ப்பக்கம் இறங்கியது.

‘இவங்களுக்கு என்ன ஆச்சு?’

“பழைய பாலம்,” என்றார் மாமா.

“பழைய பாலம் இன்னிக்கு மூடியிருக்கு,” என்றாள் சித்தி படு சீரியஸாக. “வந்த வழியே திரும்பணும்.”

கீழே ஏணி நின்றது. திரும்பியது. மறுபடி பாலத்தில் ஏறியது. கூட்டமும் ஏறியது. ஒரு குழந்தை அழுதது. ஒரு பெட்டி படியில் உருண்டது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

“சித்தி, கீழ எல்லாரும்…”

“பேச்சை மாத்தாதே. உன் முறை.”

சில்லு குழம்பிப்போனாள். எதற்காக ஓடுகிறார்கள்? எதற்காகத் திரும்பினார்கள்? மாமா சொன்னதும் ஓடினார்கள். சித்தி சொன்னதும் திரும்பினார்கள். அதெப்படி? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

“கல்குவாரி,” என்றாள். “கல்குவாரி சொன்னா எல்லாரும் அப்படியே நிக்கணும்.”

ஏணி பாலத்தின் நடுவில் அப்படியே நின்றது. கூட்டமும் நின்றது.

“அட! நல்ல விதியா இருக்கே,” என்று பாராட்டினார் மாமா.

சில்லு மெல்லத் தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தாள். அவளுடைய புத்தகப் பை பித்தானின் மேல் சாய்ந்து கிடந்தது. பைக்குப் பின்னால், சிவப்பாக ஒரு வெளிச்சம்.

அவள் பையைப் பிடித்து இழுத்தாள். விளக்கு அணைந்தது.

சித்தியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது.

“எவ்வளவு நேரமா?” என்றாள் மெல்லிய குரலில்.

“சந்தைமேட்டுல இருந்து,” என்றாள் சில்லு.

அதே நேரம் சுவரில் ஒரு பச்சை விளக்கு மின்னியது. துறைமுகம் வண்டி முந்தைய ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது. வருவது முதல் பிளாட்பாரத்துக்கு. கூட்டமோ பாலத்தின்மேல்.

சித்தி பித்தானை அழுத்தினாள். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் வண்டி முதல் பிளாட்பாரத்திற்கு வந்துகொண்டிருக்கிறது. முன்பு சொன்ன எதையும் பொருட்படுத்த வேண்டாம்.”

பாலத்தில் யாரும் நகரவில்லை. சிலர் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கையை உதறினார்கள். ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

“நம்பலையே!” சித்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. “அத்தனை பேரும் வண்டியைத் தவற விட்டா என் வேலை அவ்வளவுதான்.”

“இரு தங்கச்சி, நேர்ல சொல்லிட்டு வரேன்,” என்று மாமா படியிறங்கி ஓடினார். சில்லுவும் பின்னாலேயே ஓடினாள்.

மாமா பாலத்தில் ஏறி, “எல்லாரும் முதல் பிளாட்பாரம் போங்க!” என்றதுதான் தாமதம்.

“இந்தக் குரல்தான்! புதன்கிழமைக் குரல்!” என்றார் ஒருவர்.

“யோவ், மழைக்கும் ரயிலுக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்றார் இன்னொருவர்.

மாமாவைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். அவர் உச்சந்தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

தூரத்தில் ஹாரன் சத்தம்.

சில்லு யோசித்தாள். ஒலிபெருக்கியை யாரும் நம்பவில்லை. மாமாவையும் நம்பவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இவ்வளவு நேரம் எல்லோரும் நம்பினார்கள். அவள் குனிந்து, கால்களுக்கு இடையே புகுந்து, ஏணியிடம் போய்ச் சேர்ந்தாள்.

பெயின்டர் வியர்த்து வழிய நின்றிருந்தார். தோள்பட்டை சிவந்து கன்றிப் போயிருந்தது.

“அண்ணே, நீங்க எங்க போகணும்?”

“துறைமுகம் போகணும் பாப்பா. ஆனா இப்ப நிக்கச் சொல்லிட்டாங்களே. கல்குவாரியாம்.”

“அதைச் சொன்னது நான்தாண்ணே. விளையாடிட்டு இருந்தோம். மைக் ஆன்ல இருந்தது தெரியாது. மன்னிச்சுக்கோங்க.”

பெயின்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? அப்ப இதுவும் விளையாட்டு இல்லைன்னு என்ன நிச்சயம்?”

நியாயமான கேள்விதான். அவள் ஏணியின் பின்பக்கம் போனாள். எம்பி, அந்த நுனியைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத் தோள் வலிக்குதில்லண்ணே. நான் பின்னால பிடிச்சுக்கறேன். வண்டி வரலைன்னா நானே திருப்பித் தூக்கிட்டு வந்து விடறேன்.”

பெயின்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“நீ தூக்கறியா? சரி, நட.”

ஏணி நகர்ந்தது. படியிறங்கியது.

“ஏணி போகுது!” என்றது ஒரு குரல்.

மாமாவைச் சுற்றியிருந்த வட்டம் கலைந்தது. பெட்டிகள், குழந்தைகள், அழுதது, சிரித்தது எல்லாம் சேர்ந்து தடதடவென்று முதல் பிளாட்பாரத்தில் இறங்கவும், வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெயின்டர் ஏணியை உள்ளே செருகிவிட்டு, ஜன்னலோரம் நின்று கையசைத்தார்.

வண்டி போய்விட்டது. பிளாட்பாரம் காலி.

காலி இல்லை. பாலத்தின் கடைசிப் படியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. தொப்பி கோணலாக இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர்!

கொஞ்ச நேரத்தில் அவர் மாடி அறைக்குள் நுழைந்தார். மூவரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

“பேசினது யாரு?”

“நாங்க மூணு பேரும்தான் சார்,” என்றாள் சில்லு. “பையை மைக் பித்தான்மேல போட்டது நான். சித்திக்குத் தெரியாது.”

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதை நான் மேலிடத்துக்குச் சொல்லணும். சொன்னா, ‘அந்த நேரம் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க’ன்னு கேட்பாங்க.”

“என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டார் மாமா. சித்தி அவர் காலை மிதித்தாள்.

“ஏணி பின்னால ஓடிட்டு இருந்தேன்!” என்று சீறினார் ஸ்டேஷன் மாஸ்டர். “பாலம் மூடியிருக்குன்னு சொன்னதும் பூட்டை வேற தேடினேன். என் ஸ்டேஷன், என் பாலம், அதுக்குப் பூட்டே கிடையாது!”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது.

“அதனால மேலிடத்துக்குச் சொல்றதா இல்ல,” என்றார் அவர். சித்தியின் பக்கம் திரும்பினார். “திங்கட்கிழமையில இருந்து நீங்க நிரந்தரம். ஒரு கூட்டத்தையே மூணு பக்கம் ஓட வைக்கற குரல். ஒழுங்கா ஒரு பக்கம் ஓட வைங்க, போதும். மேசைமேல இனிமே ஒரு தூசுகூட இருக்கக்கூடாது.”

“சரிங்க சார்!” சித்தி அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். கதவுவரை போனார். நின்றார்.

“இந்த ஆட்டத்துக்கு விதிதான் என்ன? எதுவுமே எனக்குப் புரியலையே.”

சித்தி வாயைத் திறந்தாள். மூடினாள். மாமா கூரையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. அந்த இரண்டு முகங்களையும் பார்த்தபோதுதான் சில்லுவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாளே! விதி என்று ஒன்று இருந்தால் அல்லவா புரிவதற்கு!

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். முகத்தைப் படு சீரியஸாக வைத்துக்கொண்டாள்.

“விதியெல்லாம் இருக்கு சார். ஆனா தொப்பி போட்டிருக்கறவங்ககிட்ட சொல்லக்கூடாதுங்கறதுதான் முதல் விதி.”

ஸ்டேஷன் மாஸ்டர் அவளையே பார்த்தார். கதவைச் சாத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“சந்தைமேடு,” என்றார்.