பருந்து எங்கே?

"கீஈஈ!"

மறுபடியும் பருந்து கத்தியது. டால்வா அத்தையின் ஒன்பது கோழிகளும் விழுந்தடித்துக்கொண்டு கட்டைக்கால்கள் மேல் உயர்ந்து நின்ற அவருடைய மரவீட்டுக்கு அடியில் ஓடி ஒளிந்தன.

பக்கத்து வீட்டு ஜுசாரா வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் மேகம்தான் இருந்தது. பருந்தைக் காணோம்.

"ஒரு வாரமா இதே கூத்து! பயத்துல ஒரு கோழியும் முட்டை போடல. பருந்து இந்தக் கொய்யா மரத்துலதான் ஒளிஞ்சிருக்கு. இன்னிக்கு மரத்தை வெட்டிட்டுத்தான் மறுவேலை!" என்றார் அத்தை. அவர் கையில் கோடரி இருந்தது.

ஜுசாரா வேலியைத் தாண்டி ஓடி வந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். பள்ளி விட்டதும் அவள் ஏறி உட்காரும் மரம் அது.

"ஐயோ, வேணாம் அத்தை! நான் ஏறிப் பாக்கிறேன்."

"நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கண்டுபிடி!"

ஜுசாரா கிளை கிளையாகத் தேடினாள். பருந்து இல்லை. திடீரென்று பெரிய அலகுள்ள டூக்கான் பறவை கத்துவது கேட்டது. டூக்கானும் இல்லை. அடுத்து கிளிச் சத்தம் கேட்டது. ஒரு கிளிகூட இல்லை!

"மரமே கத்துதா? இல்ல, என் காதுதான் கெட்டுப்போச்சா?" அவளுக்குத் தலை சுற்றியது.

எதிர்க் கிளையில் ஒரு கதுராமுக் குருவி மட்டும் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முதுகு கருநீலம், வயிறு மஞ்சள். அது வாயைத் திறந்தது.

"கீஈஈ!"

ஜுசாரா விழாமல் இருந்ததே பெரிது.

"அத்தை! பருந்து இல்ல, கதுராமு! அதுதான் எல்லாப் பறவை மாதிரியும் கத்துது!"

"யாரு காதுல பூ சுத்துற? இத்துனூண்டு உடம்புல அந்தக் குரலா?"

ஜுசாரா பழுத்த கொய்யா ஒன்றைப் பறித்துக்கொண்டு இறங்கினாள். அதைப் பிட்டு, அத்தையின் மூக்குக்கு நேரே வேலிக்கம்பத்தில் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க அத்தை. உங்களால முடியும்."

அத்தை முறைத்தார். ஆனாலும் பேசாமல் நின்றார்.

குருவி வந்து உட்கார்ந்தது. இரண்டு கொத்து கொத்தியது. அத்தையை ஏற இறங்கப் பார்த்தது.

"கீஈஈ!"

கோடரி கீழே விழுந்தது. கோழிகள் ஓடின. ஜுசாரா திரும்பிப் பார்த்தபோது அத்தையையும் காணோம்!

"சீ! ஒரு குருவிக்குப் போய் இப்படிப் பயந்து ஓடுறீங்களேடி!" என்று கோழிகளைத் திட்டும் குரல் வீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. பிறகு சத்தமே இல்லை.

"அத்தை? என்ன ஆச்சு?"

"அடி பொண்ணே, சீக்கிரம் ஒரு கூடை கொண்டு வா! ஒரு வாரத்து முட்டை மொத்தமும் இங்கதான் கிடக்கு!"

ஜுசாரா முதலில் கோடரியை எடுத்துக் கொட்டகைக்குள் வைத்தாள். பிறகுதான் கூடை எடுக்க ஓடினாள்.