முப்பத்தேழாவது படம்

"படத்தைக் குடும்மா, எனக்கு நேரம்..."

"மேட்டா, குளோசியா... மங்கலா, பளபளப்பா எண்டுதானே கேக்கிறன்..."

"ஏதோ ஒரு எழவைப் போடு! மூணு மணிக்கு வரச் சொன்னே. இப்ப மணி..."

"மூண்டரை. எனக்கும் மணி பாக்கத் தெரியும், அண்ணை. மிசின் சூடேறோணும்."

"மிஷினைக் கொளுத்து! எட்டு மணிக்கு எனக்கு பிளைட்!"

"கொளுத்தினா படம் வராதே!"

கவுண்டரில் ஓங்கி அறைந்தான் பாலகிருஷ்ணன். பேனாக்கள் துள்ளி விழுந்தன.

தவமலர் குனிந்தாள். ஒவ்வொன்றாக... மிக மெதுவாக... பொறுக்கினாள்.

அவளுக்கு வேண்டியது அதுதான். நேரம்!

படங்கள் இரண்டு மணிக்கே தயார். இழுப்பறைக்குள் மஞ்சள் உறையில் கிடந்தன.

அது வோபர்ன் என்ற வெளிநாட்டுப் புறநகரில் ஒரு பிளாசா. சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில், 'ஒரு மணி நேரத்தில் படம்' என்ற பலகையோடு ஒரு சின்னக் கடை. 1987, ஏப்ரல் 29, புதன்கிழமை.

நான்கு நாளைக்கு முன்பு, சனிக்கிழமை மாலை, எதிர்ப்பக்க அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் வேதவல்லி செத்துக் கிடந்தாள். பாலகிருஷ்ணனின் மனைவி. கழுத்தைச் சுற்றி அவளுடைய பச்சைச் சேலையின் தலைப்பு... இறுக்கமாக!

கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. பூட்டு உடைபடவில்லை.

அவளைத் தவிர அந்தக் கதவுக்குச் சாவி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கணவன். அவன் கம்பெனி வேலையாக ஜப்பானில். மற்றவன் அந்தக் கட்டடத்தில் குழாய் திருத்தும் மகேஸ்வரன்.

பிறகென்ன? மகேஸ்வரன் கையில் விலங்கு!

மட்டக்களப்பிலிருந்து வந்த அகதி. அவனுடைய விண்ணப்பத்துக்கே இன்னும் முடிவு வரவில்லை. கொலைகாரன் என்று தீர்ப்பாகிவிட்டால், சிறை முடிந்த கையோடு கொழும்பு விமானம். அங்கே இறங்கினால் அவனை யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பது தவமலருக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் மகேஸ்வரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

இது பாலகிருஷ்ணனுக்குத் தெரியாது!

"தவம், உதென்ன சண்டை?" கடைக்காரி கிளடிஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்து மனுஷி. தன் நிழலைக் கண்டே விலகி நடப்பவள். "உவர் துக்க வீட்டுக்காரர். கெதியாக் குடுத்து அனுப்பு பிள்ளை."

"ரெண்டு நிமிசம், கிளடிஸ் அக்கா."

"உள்ளுக்கு ஒரு வெள்ளைக்காரன் பாஸ்போட் படத்துக்கு இருக்கிறான். நான் அவனைப் பாக்கிறன். சண்டை பிடியாத!"

திரைக்குப் பின்னால் மறைந்தாள் கிளடிஸ்.

தவமலர் உறையை எடுத்தாள். கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா விழுந்திருக்கா எண்டு உங்களுக்கு முன்னால எண்ணித் தாறன். பிறகு குறை சொல்லக்கூடாது."

"நீ எண்ணவே வேணாம்! போலீஸ்ல குடுக்கணும், குடு!"

"பொலிசுக்கு எண்டா கட்டாயம் எண்ணோணும்."

முதல் படத்தைக் கவுண்டரில் வைத்தாள்.

கல் பாவிய தெரு. இரண்டு பக்கமும் கறுத்த மர வீடுகள். வீட்டுக்கு வீடு சிவப்புக் காகித விளக்கு. நடுவில் பாலகிருஷ்ணன், இடுப்பில் கைவைத்து. கீழ்மூலையில், கேமராவே அச்சடித்த ஆரஞ்சு எண்கள்: 87 4 23.

"இது என்ன இடம், அண்ணை?"

"கியோன்!" கோபத்திலும் அவனுக்குப் பெருமை வந்துவிட்டது. "கியோட்டோவுல பழைய பேட்டை. டீ கடை, ஆடிப்பாடற கெய்ஷா பொண்ணுங்க எல்லாம் அங்கதான். முன்னூறு வருஷத்து வீடும்மா. இங்க மாதிரி அட்டைப் பெட்டி இல்ல."

"வடிவாத்தான் இரிக்கு."

அவளுக்குத் தெரியும். வேதவல்லி இந்தக் கவுண்டரில்தான் அந்தத் தெருவைப் பற்றிப் பேசுவாள். காலண்டரில் வந்த கியோன் படம் ஒன்றைக் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். 'ஆறு வருஷமா கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார் தவம். இந்தத் தடவையும் தனியாத்தான் போறார்' என்றாள் கடைசியாக வந்தபோது.

அவள் கொண்டுவரும் ஃபிலிம் சுருளே தனிக் கதை. ஒரே சுருளில் தீபாவளி இருக்கும், பொங்கல் இருக்கும், மறுபடி தீபாவளியும் இருக்கும்! 'மிச்சம் வெச்சுக் கழுவக் குடுத்தா பாவம்டி. முப்பத்தாறுன்னு போட்டிருந்தா நான் முப்பத்தேழு எடுப்பேன்!' என்று சிரிப்பாள்.

"பதினொண்டு... பன்னிரண்டு... இந்த வாய்க்கால்?"

"அதுவும் கியோன்தான். சீக்கிரம்!"

"பத்தொம்பது... இருவது. இதில திகதி இருவத்தஞ்சு. வல்லி அக்கா செத்த சனிக்கிழமை!"

"அதான்!" விரலால் அந்த எண்ணைக் குத்தினான். "அந்தப் பாவி என் வீட்டுக்குள்ள பூந்தப்போ நான் பூமிக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். பாஸ்போர்ட்டைக் காட்டலாம்னா அது தூதரகத்துல மாட்டிக்கிச்சு, பாடியைக் கொண்டுபோற பேப்பருக்காக. டிடெக்டிவ்கிட்ட நானே சொன்னேன், போட்டோ தர்றேன் சார்னு. தேதியோட இருக்கு. வேற என்ன வேணும்?"

"ஒண்டும் வேணாம். கையில என்ன குடை?"

அவன் குரல் தழதழத்தது.

"அவளுக்காக வாங்கினது. அன்னைக்கு, அந்தக் கடையில. ஒரு கிழவி காகிதத்துல கைப்பட கொக்கு வரைஞ்சா. ஒரு காலு சிவப்பு, ஒரு காலு கறுப்பு. இந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கிடையாதுன்னா."

"அக்கா பாத்தாவா?"

"எங்கம்மா பார்த்தா? நேத்து செவ்வாக்கிழமை நான் வந்து இறங்கறப்போ அவ பொணம்! குடை பெட்டியிலயே கிடக்கு... பிரிக்கக்கூட இல்ல..."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். கண் காய்ந்துதான் இருந்தது.

திரைக்குப் பின்னால் கிளடிஸ் ஏதோ முணுமுணுத்தாள்.

தவமலர் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"முப்பத்தஞ்சு... முப்பத்தாறு."

"ஆச்சா? குடு!"

"இன்னும் ஒண்டு இரிக்கு."

"முப்பத்தாறு ரோலும்மா அது!"

"கவனமா மாட்டினா சில நேரம் முப்பத்தேழு விழும், அண்ணை. நீங்க கேமராவைத் திறக்கக்க கடைசிப் படமும் விழுந்த மாதிரி ஃபிலிம் தானாச் சுத்தி முடிஞ்சு இருந்ததே... எப்பிடி எண்டு யோசிக்கேல்லியா?"

அவன் உறையைப் பிடுங்கக் கை நீட்டினான்.

அவள் கடைசிப் படத்தை வைத்தாள்.

அலமாரிக் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் பச்சைச் சேலையில் ஒரு பெண். ஒரு கையில் கேமரா. பிளாஷ் வெளிச்சம் நட்சத்திரமாகத் தெறித்திருக்க, அதற்குப் பக்கத்தில் வாய் நிறையச் சிரிப்பு.

வேதவல்லி!

மூலையில் ஆரஞ்சு எண்கள்: 87 4 30.

"இ... இது..." பாலகிருஷ்ணன் இரண்டடி பின்வாங்கினான். "இது நாளைக்குத் தேதி!"

"ஓம். செத்துப்போன மனிசி நாளைக்கு நிண்டு சிரிக்கிறா!"

"ஜப்பான்... ஜப்பான்ல ஒரு நாள் முன்னாடி! தேதி மாறுற கோடு, டேட் லைன் இருக்கு, உனக்கென்ன தெரியும்?"

"ஒரு நாள் சரி. சனிக்கிழமை செத்த மனிசிக்கு முப்பதாம் திகதி எண்டா அஞ்சு நாளாவது முன்னுக்கு. ஜப்பான் அவ்வளவு தூரமில்ல, அண்ணை!"

"பேட்டரி கோளாறு!"

"நல்லம். அப்ப கியோன் படத்திலயும் அதே கோளாறுதான். இருவத்தஞ்சு எண்டு அடிச்சது இருவதாம் திகதி. நீங்க கேமராவில திகதியை முன்னுக்குத் தள்ளிப்போட்டுப் படம் புடிச்சீங்க. வீட்ட வந்து திருப்பி வைக்க மறந்துபோனீங்க!"

"நான்சென்ஸ்! பழைய படம் அது! நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அவ எடுத்தது!"

"முன்னுக்கு எடுத்த படம் கடைசியில விழாது. நெகட்டிவில நம்பர் இரிக்கு, அது பொய் சொல்லாது. அதை விடுங்க. அக்காட தோளில பாருங்க... என்ன?"

பார்த்தான்.

விரித்த காகிதக் குடை! அதில் ஒரு கொக்கு. ஒரு கால் சிவப்பு. ஒரு கால் கறுப்பு.

உலகத்திலேயே இன்னொன்று கிடையாத குடை!

"பெட்டியே பிரிக்கேல்ல எண்டீங்க. பிரிச்ச பெட்டி பின்னால கட்டிலில கிடக்கு. அந்த மனிசி குடையைப் புடிச்சு, கியோனுக்குப் போன மாதிரி தன்னைத்தானே ஒரு படம் எடுத்திருக்கு. மிச்சம் கிடந்த ஒரே ஒரு படம். வீணாக்கக்கூடாது எண்டு! அதே சேலையோடதானே அண்டைக்குப் பின்னேரம்..."

பாய்ந்தான்! படத்தைப் பிடுங்கி இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தான். வாயில் நுரை தள்ளியது.

"இப்ப காட்டுடி! யார்கிட்ட காட்டுவே?"

"கிழிங்க. எண்ட கைக்கு வேலை கூடும், அவ்வளவுதான். நெகட்டிவ் உள்ளுக்கு இரிக்கு."

"எவ்வளவு திமிர்! நீயும் அந்தப் பய மாதிரி அகதி நாய்தானே? இமிக்ரேஷன்ல எனக்கு ஆள் இருக்கு. ஒரே ஒரு போன்! ராத்திரிக்குள்ள உன்னை பிளைட்ல ஏத்திடுவேன்!"

தவமலர் தன் கையைப் பார்த்தாள். மூன்று வருஷமாக ஒரு தபால்காரனைக் கண்டாலே நடுங்கிய கை அது. காகிதம், முத்திரை, கையெழுத்து என்றாலே பயந்த கை.

அந்தக் கையாலேயே கடைத் தொலைபேசியைத் தூக்கி அவன் முன்னால் 'டொக்' என்று வைத்தாள்.

"இந்தாங்க போன். எடுங்க. எடுத்து எண்ட பேரையும் சொல்லுங்க. தவமலர். மகேஸ்வரன்ட அக்கா!"

"யா... யாரோட?"

"சாவி வச்சிருந்தான் எண்டு புடிச்சுக் குடுத்தீங்களே, அவன்ட! உங்கட வீட்டுக் குழாய் திருத்தப் போனவன். வல்லி அக்கா தேத்தண்ணி குடுக்காம அனுப்பமாட்டா எண்டு சொல்லுவான். எண்ட ஊரில துவக்கோட வந்தவனுக்கே நான் கதவைத் திறக்கேல்ல, அண்ணை. நீங்க வெறுங்கையோட வந்து வெருட்டுறீங்க!"

பாலகிருஷ்ணன் திரும்பினான். வாசலை நோக்கி ஓடினான்.

பளிச்!

பிளாஷ்!

கண் கூசி நின்றான். திரை விலகியிருந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூலிலிருந்து ஆறடி உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரன் எழுந்துகொண்டிருந்தான்.

டிடெக்டிவ் ஹார்ப்பர்!

பக்கத்தில் கேமராவோடு கிளடிஸ். தன் நிழலுக்கே பயந்த கிளடிஸ்!

"ரெண்டரைக்கே பின்கதவால வந்திட்டார்," என்றாள் அவள், மூச்சு வாங்க. "ஒரு சொல்லு விடாமல் இங்கிலீசில சொல்லிக்கொண்டிருந்தன். தவம், உவர் குடைக்கதை சொல்லேக்க எனக்கு இங்கிலீசில கொக்கு எண்டதுக்குச் சொல்லு வராமல் திண்டாடிப்போனன்! நீ என்ன, வாசலையே பாத்துக்கொண்டு நிண்டாய்?"

"இவரும் வாசலைப் பாக்கட்டும், பின்பக்கம் பாக்கக்கூடாது எண்டுதான். நேரத்தை இழுத்தது இவரைக் கதைக்க வைக்க."

ஹார்ப்பர் கையை நீட்டினார்.

"இன்று இரவு விமானம் ஏறுகிறீர்கள், மிஸ்டர் பாலகிருஷ்ணன். அப்படியானால் பாஸ்போர்ட் தூதரகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கோட்டுப் பைக்குள்தான் இருக்கும். கொடுங்கள்."

அவன் கொடுக்கவில்லை. ஹார்ப்பரே எடுத்தார். புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஒசாகா விமான நிலையம். வெளியேறிய நாள், ஏப்ரல் இருபத்து மூன்று." நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் மனைவி இறப்பதற்கு இரண்டு நாள் முன்பே ஜப்பானை விட்டுக் கிளம்பிவிட்டீர்கள். நேற்று வந்து இறங்கியதாக அல்லவா என்னிடம் அழுதீர்கள்?"

கிளிக். விலங்கு பூட்டிய சத்தம்.

"மேடம், உங்கள் தம்பி இன்று வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த நெகட்டிவ் எனக்கு வேண்டும். கோர்ட்டுக்குப் பெரிதாக ஒரு படமும்."

கிளடிஸ் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவே இல்லை, தவமலருக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் முட்டியதைப் புறங்கையால் துடைத்தாள். புதிய உறை ஒன்றை எடுத்தாள். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் 'வேதவல்லி' என்று எழுதினாள். பிறகு, அந்தப் பேனாவாலேயே காதைச் சொறிந்தபடி, விலங்கோடு நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டு ஒரு மணித்தியாலமாகுது, நீங்க இன்னும் மறுமொழி சொல்லேல்ல, அண்ணை... மேட்டா, குளோசியா?"